ஆந்தைப் பாறை மணிப்பூ

சாம்ப்ரோஷ்,
1868 ஜூன் 7, ஞாயிறு

மேன்மை பொருந்திய மருத்துவர் அனத்தோல் ஜாக்மே அவர்களின் சமூகத்துக்கு, அவருடைய ஒரே மகனும், அவர் லியோன் நகரத்தில் இருக்கும்வரை இந்த வீட்டின் தற்காலிகத் தலைவனுமான கஸ்பார் ஜாக்மே, வயது பதினைந்து, நெஞ்சில் கைவைத்து அறிவித்துக்கொள்வது யாதெனில்:

இன்று காலை ஆறே முக்கால் மணியளவில், தாங்கள் செடி சேகரிக்கத் தோளில் மாட்டிச் செல்லும் பச்சைத் தகரப் பெட்டிக்குள் நம் பூனை நான்கு குட்டிகளை ஈன்றது. தாயும் சேய்களும் நலம். பெட்டி நலமில்லை.

அன்புள்ள அப்பா, அறிவிப்பு முடிந்தது, இனிமேல் கடிதம். நம் வீட்டுச் சமையலைப் பார்க்கும் யூலாலி அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்துவிட்டு, “உங்கப்பா இருந்திருந்தா இதுங்களுக்கும் சீட்டு எழுதி ஒட்டியிருப்பாருடா” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அக்காவுக்குத் தெரியாது, நான் ஏற்கெனவே ஒட்டிவிட்டேன் என்று. இடம்: தகரப் பெட்டி. நாள்: ஜூன் 7. சேகரித்தவர்: பூனை. நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி இடம், நாள், ஆள் மூன்றும் இருக்கிறது. சீட்டில்லாத செடி வெறும் வைக்கோல் என்பீர்களே, நம் வீட்டில் பூனைக்குட்டிகூட வைக்கோல் ஆகாது.

உலர்த்தும் தாள்களைத் தினமும் காலையில் தவறாமல் மாற்றுகிறேன். நீங்கள் விட்டுப்போன மூன்று அடுக்கிலும் ஓர் இலைகூடப் பூஞ்சை பிடிக்கவில்லை. இதை நானே சொல்லிக்கொள்வது நாகரிகமில்லைதான். சொல்ல வேறு ஆள் இல்லாததால் சொல்கிறேன்.

நீங்கள் வாசல் கதவிலிருந்து பித்தளைப் பலகையைக் கழற்றி மூன்று மாதம் ஆகியும் நோயாளிகள் நின்றபாடில்லை. பலகை இருந்த இடத்தில் நாலு ஆணித்துளை தெரிகிறதல்லவா, அதைப் பார்த்துக் கண்டுபிடித்து வருகிறார்களாம். வெள்ளிக்கிழமை பாலாடைக்கட்டி வண்டிக்காரர், அதாவது நம் பார்த்தோ, வீங்கிய கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் உங்கள் குரலில், “ஒயின் எவ்வளவு?” என்று கேட்டேன். “சத்தியமா தண்ணிதான் தம்பி, ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்புறம் ஒரே ஒரு கோப்பை” என்றார். அவர் சொன்ன ‘தண்ணி’ வாசம் மாடிவரை வந்தது. இருபது வருடம் வைத்தியம் பார்த்ததில் உங்களிடம் பொய் சொல்லாத நோயாளி ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை, பன்னிரண்டு வருடம் செடி பார்த்ததில் உங்களிடம் பொய் சொன்ன செடி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை, அதனால்தான் வைத்தியத்தை விட்டுச் செடிக்குப் போனதாக நீங்கள் ஊர்த்தலைவரிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. பார்த்தோவைப் பார்த்த அன்று அதன் அருமை புரிந்தது.

மருந்துக்கடை பெலிசியே அடங்கவில்லை. நேற்று காபிக்கடை வாசலில் என்னைப் பார்த்ததும், நாலு பேர் கேட்கிற மாதிரி, “நாடி பார்த்த டாக்டரு நாடோடி ஆயிட்டாரு. இப்போ புல்லுக்கெல்லாம் பேரு வெக்கப் போயிருக்காராமே? மாடு தின்னா அந்தப் பேரு என்ன ஆகும்?” என்றார். நான் தொப்பியைக் கழற்றி, “பேரு மாட்டோட வயித்துக்குப் போகும் ஐயா, உங்க மாத்திரை மாதிரி. போன வழியே வெளியேயும் வந்துடும்” என்றேன். பார்த்தோ சிரித்த சிரிப்பில் அவர் கட்டைவிரல் மேலும் வீங்கியிருக்கும். பெலிசியே விடவில்லை. லியோன் தாவரவியல் சங்கத்தார் உங்கள் புத்தகத்தைச் சிரித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பீப்பாய் மஞ்சள் ஒயினைப் பந்தயம் வைத்திருக்கிறார். சங்கத்தின் கூட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமைக்கு ஊரே காத்திருக்கிறது.

காத்திருக்கட்டும். ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு செடி. பன்னிரண்டு வருடம். இந்த மலையில் முளைக்கிற எல்லாம் ஒரே புத்தகத்தில். அவற்றில் கடைசியாக, கிரீடம் மாதிரி, உலகத்தில் யாருமே பார்த்திராத ஒரு புதுச் செடி. அதைக் கண்டுபிடித்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஆந்தைப் பாறையில் போன வருடம் ஜூலையில் பறித்து, லத்தீன் இலக்கணப் புத்தகத்துக்குள் வைத்து மறந்து, இந்த ஏப்ரலில் எடுத்துக் கொடுத்த அடியேன். லத்தீன் இலக்கணத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை. ‘காம்பானுலா கஸ்பார்தி’, கஸ்பாரின் மணிப்பூ. பள்ளியில் என்னை மூன்று முறை வகுப்புக்கு வெளியே நிறுத்திய லத்தீன் வாத்தியார், இனி என் பெயரையே லத்தீனில் சொல்ல வேண்டும். இந்த ஊரில் லத்தீனில் பெயர் உள்ள ஆட்கள் மொத்தம் இரண்டு பேர்: நானும், பரலோகத்தில் இருக்கும் நம் ஊர்ப் புனிதரும். அவரைவிட நான் உயரம்.

இன்னொன்று. யூலாலி அக்கா இன்னும் மீன் பசையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். ஒயின் தெளிவதற்காக வாங்கி வைத்தது, ஏப்ரலில் இருந்து காணோமாம். “மீனே இல்லாத மீன் எப்படி நீந்திப் போச்சு?” என்று என்னைப் பார்க்கிறாள். பூனையைக் கை காட்டினேன். பாவம், பிள்ளை பெற்றவள் என்று அதை விட்டுவிட்டாள்.

முட்டி எப்படி இருக்கிறது? மே மாதம் பாறையில் உரசிய காயத்துக்குக் கட்டுப்போடும்போது, வைத்தியரே கட்டுப்போட மகனை நம்பினாரே என்று எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருந்தது. லியோனில் படிகள் அதிகமாம், பார்த்து ஏறுங்கள்.

சங்கத்தாரிடம் சத்தமாகப் படியுங்கள். என் பெயர் வரும் இடத்தில் இன்னும் கொஞ்சம் சத்தமாக.

உங்கள் அன்பு மகனும், வருங்காலச் செடியுமான
கஸ்பார்


சாம்ப்ரோஷ்,
ஜூன் 10, புதன்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் மதியம் வந்தது. யூலாலி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் தினமும் மீன் உருண்டை போடுகிறார் என்ற இடத்தில் அக்காவின் முகம் சுருங்கியது. “என் கையால சாப்பிட்ட நாக்கு” என்று மட்டும் சொன்னாள். வரும்போது அந்த உருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லிவிடுங்கள், வீட்டில் அமைதி நிலவும்.

சங்கத்தில் எல்லோரும் நல்ல மாதிரி என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பக்கங்களைப் படித்துவிட்டு ஒருவர் கைகுலுக்கினார் என்பதை அக்கா இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். ஆனால் பேராசிரியர் ராவியே என்று ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே. ‘பூவை வெந்நீரில் போட்டு, விரித்து, பிரித்துப் பார்க்காமல் எந்தச் செடிக்கும் நான் பிறப்புச் சான்று கொடுப்பதில்லை’ என்கிறாராம். வெள்ளிக்கிழமை சாராய விளக்கோடு சங்கத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும் என் பூவை ஊறப் போடப் போகிறாராம். நீங்களும் சம்மதித்துவிட்டீர்களாம்.

அப்பா, எனக்கு இது சரியாகப் படவில்லை. காரணங்களை வரிசையாக யோசித்தேன், எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. உலகத்தில் இருப்பதே இரண்டு பூ. நீங்களே இரண்டு மாதமாக ஒன்றைக்கூட ஊறப் போடவில்லை. “ரெண்டே ரெண்டு. இதுல கத்தி வெக்க எனக்கு மனசு வரலடா” என்று உருப்பெருக்கியால் மட்டும் பார்த்தீர்கள். உங்களுக்கே வராத மனசு அவருக்கு மட்டும் எப்படி வரலாம்? மேலும் ஊரிலிருந்து லியோன்வரை ரயிலில் குலுங்கிய பூ, அசதியாக இருக்கும். மேலும் அவர் கை நடுங்கலாம், வயசானவர் என்கிறீர்கள். மேலும் வெந்நீர் என்றால் எவ்வளவு வெந்நீர்? பச்சைத் தண்ணீரில் போட்டால் ஆகாதா? அல்லது தண்ணீரே இல்லாமல்?

ஆந்தைப் பாறையில் வேறு செடி கிடைக்கும்வரை பூவைத் தொட வேண்டாம் என்று சங்கத்தில் சொல்லிவிடுங்கள். நான் ஜூலையில் தேடிப் பார்க்கிறேன். மே மாதம் தேடிக் கிடைக்காதபோது, ஆடு மேய்ந்திருக்கும் என்று நீங்களே சொன்னீர்கள். ஆடு எல்லாவற்றையுமா மேயும்?

வேறு விசேஷம் இல்லை. அக்கா ஒயின் பீப்பாயைத் திறந்தாள், கலங்கித்தான் இருக்கிறது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை.

தயவு செய்து வெந்நீர் வேண்டாம்.

கஸ்பார்


லியோன்,
ஜூன் 12, வெள்ளி, காலை எட்டு மணி

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் தபால் முத்திரை இல்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டது நான்தான். உங்கள் வீட்டுக்கார அம்மாள் வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வழி விட்டார். நேற்று விடியலில் பார்த்தோவின் வண்டியில், நாற்பது பாலாடைக்கட்டிச் சக்கரங்களுக்கு நடுவில் நாற்பத்தொன்றாவதாகக் கிளம்பினேன். அப்புறம் ரயில். கிளம்பும் முன் அக்கா உங்கள் கடிதத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். வெந்நீர் என்ற வார்த்தை வந்ததும் காலியான பசை டப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு ரொட்டி வெட்டி மூட்டை கட்டிக் கொடுத்தாள்.

வழியெல்லாம் பார்த்தோ பேசிக்கொண்டே வந்தார். “உங்கப்பாகிட்ட நான் எத்தனையோ தடவ தண்ணிதான் குடிக்கிறேன்னு சொல்லியிருக்கேன் தம்பி. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. கட்டைவெரல ஒரு அமுக்கு அமுக்குவாரு. நான் ‘ஐயோ’ன்னு கத்துவேன். அவ்வளவுதான், எல்லாம் வெளிய வந்துடும்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெந்நீர்தான் எனக்கு அந்த அமுக்கு.

நான் சுற்றி வளைக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

அந்தச் செடி இல்லை, அப்பா. ஆந்தைப் பாறையில் இல்லை, எங்கேயும் இல்லை. இலையும் தண்டும் பாறையில் எங்கும் முளைக்கிற வட்ட இலைச் செடியுடையது. பூ, ஆற்றங்கரைப் புல்வெளியில் மாடு தின்கிற சாதாரண மணிப்பூ. இரண்டும் போன வருடம் மிஞ்சிக் குப்பைக்குப் போக இருந்த காய்ந்த செடிகள். உங்கள் பழைய அறுவைக் கத்தியால் காம்பைச் சீவி, அக்காவின் மீன் பசையால் ஒட்டினேன். வெந்நீரில் போட்டால் கால் மணி நேரத்தில் பூ ஒரு பக்கமும் செடி ஒரு பக்கமும் மிதக்கும்.

அது ஏப்ரல் மீன், முதல் தேதி ஏமாற்று வேலை. ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் ஊரில் ஒருவர் முதுகிலாவது காகித மீன் குத்துகிறவன் நான். போன வருடம் பெலிசியே என் மீனோடு பூசை முழுக்க முட்டி போட்டிருந்தார். இந்த வருடம் மட்டும் யார் முதுகிலும் மீன் இல்லை. “பெரியவனாயிட்டான்” என்று நீங்கள் அக்காவிடம் சொன்னீர்கள். பெரியவன் ஆகவில்லை, பெரிய மீன் பிடித்திருந்தேன். காலையில் உங்கள் மேசையில் தாளை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். நீங்கள் பார்ப்பீர்கள், மூன்று எண்ணுவேன், ‘ஏப்ரல் மீன்!’ என்று கத்துவேன், நீங்கள் செருப்பை எறிவீர்கள், இதுதான் திட்டம்.

ஒன்று எண்ணினேன். நீங்கள் உருப்பெருக்கியை எடுத்தீர்கள். இரண்டு எண்ணினேன். சீட்டில் என் பெயரைப் படித்தீர்கள். மூன்று எண்ணுவதற்குள் உருப்பெருக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். வேர் இருக்கிறதா என்று கேட்பீர்கள், வேறு எதுவும் கேட்க மாட்டீர்கள் என்று நான் அதுவரை உங்களைக் கேலி செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு வேரைக் கேட்கவில்லை. “இதை நீயா பார்த்தே? என் கண்ணுல படாதத உன் கண்ணு பார்த்துச்சா?” என்றீர்கள். எழுந்து வந்து என் தலையை உங்கள் கோட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டீர்கள். கோட்டில் காய்ந்த புல் வாசம். வாய்க்குள் இருந்த மீனை நான் விழுங்கிவிட்டேன்.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீங்கள் என் பெயரை லத்தீனில் எழுதியிருந்தீர்கள். அதற்கு அடுத்த வாரம் சொல்லலாம் என்றால், சங்கத்துக்குக் கடிதம் போய்விட்டது. மே மாதம் இடுப்பில் கயிறு கட்டி மூன்று தடவை ஆந்தைப் பாறையில் இறங்கினீர்கள். மேலே கயிற்றைப் பிடித்திருந்தது நான். “இன்னும் இடது பக்கம் விடு, கஸ்பார்! அங்கே ஏதோ நீலமா தெரியுது!” என்று கீழிருந்து கத்தினீர்கள். நான் இடது பக்கம் விட்டேன். இல்லாததற்காக உங்களை இறக்கினேன். மூன்றாவது தடவைதான் முட்டித் தோல் உரிந்தது. கட்டுப்போடும்போது கர்வமாக இருந்தது என்று ஞாயிற்றுக்கிழமை எழுதினேன் அல்லவா? இல்லை. உங்கள் முகத்தைப் பார்க்காமல் கட்டினேன்.

உங்களிடம் எந்தச் செடியும் பொய் சொன்னதில்லை என்பது இப்போதும் உண்மைதான். இந்தப் பொய்யைச் சொன்னதும் செடியில்லை.

அதோடு, தாள்களைத் தினமும் மாற்றினேன் என்றதும் பொய். போன வாரம் செவ்வாயும் புதனும் மாற்றவில்லை. பதினொரு செடி பூஞ்சை பிடித்துவிட்டது. பெலிசியேவுக்குச் சொன்ன பதில்கூட, அவர் உள்ளே போன பிறகுதான் சொன்னேன். பார்த்தோ சிரித்தது மட்டும் நிஜம். ஊர்ப் புனிதரைவிட நான் உயரமில்லை, சிலையின் பீடத்தோடு சேர்த்து அளந்தால் தோள்வரை வருவேன்.

ஆனால் ஒன்று நிஜம், அப்பா. அதைச் சொல்லத்தான் புதன்கிழமைக் கடிதத்தைப் போல இன்னொன்று அனுப்பாமல் நேரில் வந்தேன். மிச்சம் ஆயிரத்து நூற்று நாற்பத்தொரு செடியும் நிஜம். அதில் பாதிக்கு நான் கூட வந்திருக்கிறேன். மழையில் தகரப் பெட்டியைத் தூக்கியிருக்கிறேன், நீங்கள் சேற்றில் குப்புறப் படுத்துப் பாசியைப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன், எது எந்தப் பாறை, எந்த ஓடை என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ராவியே ஐயா என் பூவை வெந்நீரில் போட்டால் அதுகளும் சேர்ந்து உதிரும். ஒரு சீட்டு பொய் என்றால் மொத்தப் பெட்டியும் பொய் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவர் போடுவதற்கு முன்னால் நீங்களே அந்தத் தாளை வெளியே எடுத்துவிடுங்கள். மகன் செய்த குரங்குத்தனம் என்று என்னைக் காட்டியே சொல்லுங்கள். நான் எழுந்து நிற்கிறேன். வகுப்புக்கு வெளியே நின்று பழக்கம் இருக்கிறது. லியோன் முழுக்கச் சிரித்தாலும், மருந்துக்கடைக்காரர் ஒரு பீப்பாய் ஒயின் ஜெயித்தாலும் எனக்குப் பரவாயில்லை. புத்தகம் ஜெயிக்கட்டும்.

தாளில் இருக்கும் சீட்டைக் கிழித்துவிட்டு இதை ஒட்டுங்கள். என் கையெழுத்தில், நீங்கள் சொல்லிக் கொடுத்த முறையில், மூன்றும் சரியாக எழுதியிருக்கிறேன்.

இடம்: சமையலறை மேசை, சாம்ப்ரோஷ்.
நாள்: 1868 ஏப்ரல் 1.
சேகரித்தவர்: கஸ்பார் ஜாக்மே.

கூட்டம் இரண்டு மணிக்கு என்று எழுதியிருந்தீர்கள். நான் கீழே, மூன்றாவது படியில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே வா என்றாலும் வருகிறேன், ஊருக்குப் போ என்றாலும் போகிறேன், ரயில் இருக்கிறது. கோபம் எவ்வளவு வேண்டுமானாலும் படுங்கள், மூன்று எண்ணும்வரைகூட நிறுத்த வேண்டாம். ஆனால் கதவைத் திறக்கும்போது, அந்த முதல் தேதி காலையில் பார்த்தது போல, உருப்பெருக்கி இல்லாமல் என்னை ஒரு தடவை பாருங்கள். அந்தப் பார்வை என் பூவுக்குக் கிடைத்ததா, எனக்குக் கிடைத்ததா என்று இரண்டு மாதமாகத் தெரியவில்லை.

இறங்கும்போது முட்டி பத்திரம்.

உங்கள் மகன்,
லத்தீனில் பெயர் இல்லாத
கஸ்பார்